அப் ஆரோ அமுக்குனா ^[[ஏ-ன்னு வருது, ஏண்ணே?

பினாங்கு பக்கம் பிறையில இருக்கற என் சின்னம்மா பொண்ணு நேத்து ராத்திரி போன் அடிச்சா. பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில டெஸ்டிங் பக்கம் வேலைக்கு சேர்ந்து இன்னும் ரெண்டு மாசம் கூட ஆகல. "அண்ணே, புது உபுண்டு சர்வர்ல எனக்கு அக்கவுண்ட் போட்டு குடுத்துருக்காங்க, புட்டில உள்ள போயி அப் ஆரோ அமுக்குனா பழைய கமாண்ட் வராம ^[[ஏ-ன்னு குப்பையா வருது, வி-ல ஃபைல் தொறந்தா அதவிட மோசம், ஆரோ அமுக்க அமுக்க ஏ, பி-ன்னு எழுத்தா விழுது, பக்கத்து சீட்டு ஆளுக்கு அதே சர்வர்ல எல்லாம் நல்லா ஓடுது, கீபோர்டு மாத்தி பாத்துட்டேன், புட்டிய அழிச்சிட்டு மறுபடி போட்டு பாத்துட்டேன்"னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சா. (தெரியாதவங்களுக்கு: உபுண்டு ஒரு லினக்ஸ், புட்டி தூரத்து சர்வருக்குள்ள போற புரோகிராம், வி அங்க ஃபைல எழுதி திருத்துற எடிட்டர்.) நான் அப்ப பாலத்து மேல ஜாம்ல காடி ஓட்டிக்கிட்டு இருந்தேன், போன்ல சொன்னா ஒண்ணும் ஏறாது, எழுதி அனுப்புறேன்னு சொல்லி வச்சிட்டேன். அதான் இது. கொஞ்சம் நீளமா போயிருச்சு, இதே தொல்லைல இருக்கற மத்தவங்களும் படிச்சுக்கட்டும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன், என் போன்ல தமிழ் கீபோர்டு மட்டும் தான், கமாண்ட் எல்லாத்தையும் வாயால சொல்லுற மாதிரியே எழுதுறேன், நீ டைப் பண்ணறப்ப இங்கிலீஷ்ல போட்டுக்கோ.

மொதல்ல உன் பிரச்சினைய முடிச்சிருவோம். கீபோர்டுல கோளாறு இல்ல, புட்டியிலயும் இல்ல. உனக்கு குடுத்துருக்கற ஷெல், அதாவது நீ அடிக்கிற கமாண்ட வாங்கி ஓட்டுற புரோகிராம், வழக்கமா வர்ற பாஷ் இல்ல, அவ்வளவுதான். உள்ள போயி எக்கோ, ஒரு ஸ்பேஸ், டாலர் சைன், பக்கத்துலயே 0, இத அடிச்சு பாரு. மைனஸ் போட்டு எஸ்எச்-ன்னு வந்துச்சுன்னா நான் சொன்னது சரி. உபுண்டுல எஸ்எச்-ங்கறது உண்மையில டேஷ்-னு ஒரு குட்டி ஷெல், 2006-ல வந்த 6.10 வெர்ஷன்ல இருந்து அப்படித்தான், பூட் ஆகுற ஸ்கிரிப்ட் எல்லாம் வேகமா ஓடணும்னு பாஷ எடுத்துட்டு அந்த எடத்துல இத வச்சாங்க. ஸ்கிரிப்ட் ஓட்ட நல்ல ஷெல் தான், ஆனா ஆள் உக்காந்து டைப் பண்றதுக்கு செஞ்சது இல்ல, பழைய கமாண்ட ஞாபகம் வச்சிக்கற ஹிஸ்டரி கிடையாது, ஆரோ கிடையாது.

உனக்கு ஏன் அது வந்துச்சு, பக்கத்து ஆளுக்கு ஏன் வரல? அக்கவுண்ட் போட ரெண்டு கமாண்ட் இருக்கு, ஒண்ணு ஆட்யூசர், இன்னொண்ணு யூசர்ஆட். பேர திருப்பி போட்டுருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்னு எல்லாரும் நெனப்பாங்க. ஆட்யூசர்னு போட்டா கேள்வி எல்லாம் கேட்டு பாஷ் ஷெல்லோட குடுக்கும். யூசர்ஆட்னு போட்டா ஷெல் எதுன்னு நாம சொல்லாட்டி எஸ்எச்-ச தூக்கி குடுத்துரும். உன் அட்மின் அவசரத்துல ரெண்டாவத போட்டுருப்பாரு, அவர திட்டாத, நானும் எத்தன தடவ போட்டுருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல.

சரி பண்ண சிஎச்எஸ்எச், ஸ்பேஸ், மைனஸ் எஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் பாஷ். பாஸ்வேர்டு கேக்கும். முடிஞ்சதும் லாக்அவுட் பண்ணிட்டு திரும்ப உள்ள வா, அப்படியே இருந்தா மாறாது. நீ எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டுக்கு பதிலா வைக்கிற சாவி ஃபைல்) வச்சு மட்டும் தான் போற, பாஸ்வேர்டே இல்லன்னா அட்மின்கிட்ட சொல்லு, அவரு முழு அதிகாரம் உள்ள ரூட்டா இருந்து யூசர்மாட் போட்டு அதே மைனஸ் எஸ்ஸோட மாத்தி குடுப்பாரு, அஞ்சு வினாடி வேல. அதுவரைக்கும் தாங்காதுன்னா சும்மா பாஷ்-னு அடிச்சு எண்டர் தட்டு, அந்த செஷனுக்கு ஓடிரும்.

வி-யோட கதை வேற, அதுக்கு பின்னாடி வரேன். அதுக்கு முன்ன இந்த ^[[ஏ என்னான்னு தெரிஞ்சிக்கோ, இது ஒண்ணு புரிஞ்சா மீதி எல்லாத்தையும் நீயே கண்டுபிடிச்சிருவ.

நீ ஆங்கில சின்ன ஏ தட்டுனா டெர்மினல் (இங்க உன் புட்டி) ஒரே ஒரு பைட் அனுப்பும், நம்பர் 97. ஆரோவுக்கு அந்த மாதிரி சொந்த நம்பர் கிடையாது, எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்கற ஆஸ்கி டேபிள்ல மொத்தம் 128 எடம் தான், அதுல ஆரோ கீக்கு எடமே போடல. அதனால டெர்மினல் செஞ்சவங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, எஸ்கேப்-ங்கற பைட்ட மொதல்ல அனுப்பி "இனிமே வர்றது எழுத்து இல்ல, சேதி"ன்னு சொல்லிட்டு அதுக்கு பின்னாடி விஷயத்த அனுப்புறது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் 1975-ல விட்ட விடி52 டெர்மினல்ல (அப்ப டெர்மினல்னா திரையும் கீபோர்டும் சேர்ந்த மெஷின்) எஸ்கேப், ஏ, ரெண்டே பைட். 1978-ல வந்த விடி100-ல நடுவுல ஒரு சதுர அடைப்பையும் சேர்த்து மூணாக்கிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் நாம பாவிக்கிற புட்டி, விண்டோஸ் டெர்மினல், மேக் டெர்மினல் எல்லாமே அந்த விடி100 மாதிரி நடிக்கிற ஆளுங்க தான். மேல ஏ, கீழ பி, வலது சி, இடது டி, நாலும் கேப்பிடல். நம்பர்ல சொன்னா அப் ஆரோ 27, 91, 65.

ஸ்கிரீன்ல ^[[ஏ-ன்னு நாலு எழுத்து இருக்கே, மூணு பைட்னு சொல்றீங்களேன்னு கேப்ப. மொத ரெண்டும் சேர்ந்து தான் எஸ்கேப். கண்ணுக்கு தெரியாத பைட்ட காட்டணும்னா அதோட 64 கூட்டி, முன்னாடி ஒரு கூம்பு போட்டு காட்டுவாங்க. 27-ஓட 64 கூட்டுனா 91, அது சதுர அடைப்பு. அதான் ^[-ன்னு தெரியுது. ரெண்டாவது அடைப்பு தான் நெசமான அடைப்பு. இப்ப ஒரு வேல செய், வி-ல எஸ்கேப் கீய விட்டுட்டு கண்ட்ரோலும் சதுர அடைப்பும் சேர்த்து அமுக்கி பாரு, எஸ்கேப் மாதிரியே வேல செய்யும். எஸ்கேப் கீ இல்லாத ஐபேட் கீபோர்டுல நான் இப்படித்தான் ஓட்டுறேன்.

ஆக மொத்தம் உன் புட்டி ஒழுங்கா சேதிய அனுப்பிருச்சு, சர்வருக்கும் வந்து சேர்ந்துருச்சு, படிக்க தான் ஆள் இல்ல. ஜாவி எழுத்துல கடுதாசி வந்து வீட்டுல யாருக்கும் படிக்க தெரியலன்னா போஸ்ட்மேன குத்தம் சொல்லலாமா? லினக்ஸோட உள்மையமான கெர்னலுக்கு தெரிஞ்சது எல்லாம் பேக்ஸ்பேஸ், எண்டர், கண்ட்ரோல் யூ, கண்ட்ரோல் டபிள்யூ, கண்ட்ரோல் சி மாதிரி கொஞ்சம் தான், ஆரோன்னு ஒண்ணு இருக்கறதே அதுக்கு தெரியாது, வந்தத அப்படியே ஸ்கிரீன்ல எதிரொலிச்சு விட்டுரும். பாஷ்-ல வேல செய்யுதுன்னா அதுக்குள்ள ரீட்லைன்னு ஒரு லைப்ரரி உக்காந்து ஒவ்வொரு பைட்டா எடுத்து, ஓ இது அப் ஆரோ, பழைய கமாண்ட காட்டணும்னு முடிவு பண்ணுது. ரீட்லைன் மாதிரி ஆரோவ படிக்க ஒண்ணு இல்லாத எந்த புரோகிராம்லயும் உனக்கு இதே ^[[ஏ தான்.

அதனால தான் பாஷ்ல நல்லா இருந்த ஆரோ, பைத்தான் உள்ள போனதும் கெட்டுப்போச்சுன்னு சிலர் அலறுவாங்க. சர்வர்ல 3.13-க்கு முந்தின பைத்தான சொந்தமா கம்பைல் பண்றப்ப ரீட்லைனோட டெவலப்மெண்ட் பேக்கேஜ் இல்லன்னா, பில்ட் பெருசா சத்தம் போடாம அத விட்டுட்டு முடிஞ்சிரும். உள்ள போயி இம்போர்ட் ரீட்லைன்னு அடிச்சா எரர் வரும், அந்த பேக்கேஜ போட்டுட்டு பைத்தான திரும்ப பில்ட் பண்ணணும், வேற குறுக்கு வழி தேடி நேரத்த வீணாக்காத. டேட்டாபேஸ்கிட்ட பேசுற ஆரக்கிள் எஸ்க்யூஎல் பிளஸ் பாவிச்சவங்களுக்கு இந்த வலி நல்லா தெரியும். அதுக்கு ஆர்எல்ராப்-னு ஒரு சின்ன டூல் இருக்கு, கமாண்டுக்கு முன்னாடி அத போட்டு ஓட்டுனா ரீட்லைன வெளில இருந்து மாட்டி விட்டுரும். நீயே பாஷ்ல ஸ்கிரிப்ட் எழுதி அதுல ஆள்கிட்ட பேரு கேக்குறன்னு வையி, வெறும் ரீட் போட்டா இதே குப்பை, மைனஸ் ஈ சேர்த்தா ஆரோ வேல செய்யும். தனி பெட்டி மாதிரி புரோகிராம அடைச்சு ஓட்டுற டாக்கர்லயும் இதே கதை தான், டெபியன் இமேஜ் உள்ள எஸ்எச் போட்டு போனா டேஷ் தான் வரும், பாஷ் போட்டு போ. மைனஸ் டி (எஸ்-க்கு அடுத்து வர்ற சின்ன டி) மறந்துட்டா டெர்மினலே இல்லாம உள்ள போயிருவ, அப்பவும் இதே ^[[ஏ.

இப்ப வி. உபுண்டு சர்வர்ல வி-யோட புது வடிவமான விம்ம முழுசா போடாம இருந்தா வி-ன்னு அடிச்சதும் வர்றது விம் டைனி, அது பழைய காலத்து வி மாதிரியே நடந்துக்கற கம்பேட்டிபிள் மோட்ல ஓடும். அந்த மோட்ல இன்சர்ட்ல (எழுத்து டைப் பண்ற நிலைல) இருக்கறப்ப எஸ்கேப் வந்தா அது எஸ்கேப் தான், பின்னாடி என்னா வருதுன்னு காத்திருந்து பாக்காது. இங்க ஒரு விஷயம் இருக்கு, விம் தொறந்ததும் டெர்மினல்கிட்ட ஆரோ மோட மாத்த சொல்லும், அப்ப அப் ஆரோ எஸ்கேப், சதுர அடைப்பு, ஏ இல்ல, எஸ்கேப், கேப்பிடல் ஓ, ஏ. இப்ப வி கண்ணால பாரு: எஸ்கேப் வந்துச்சா, சரி இன்சர்ட்ட விட்டு வெளில வா. கேப்பிடல் ஓ வந்துச்சா, மேல ஒரு புது லைன் தொறந்து திரும்ப இன்சர்ட்டுக்கு போ. ஏ வந்துச்சா, ஏ-ன்னு எழுது. அதான் நீ பாத்த எழுத்து. நாலு தடவ மேல போக அமுக்குனா நாலு புது லைன், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஏ.

இது எனக்கு எப்படி தெரியும்னா பட்டு தெரிஞ்சது தான். கோலாலம்பூர்ல ஒரு கம்பெனில இருந்தப்ப, பேரு வேணாம், ராத்திரி பதினோரு மணிக்கு புதுசா போட்ட ஒரு மெஷின்ல கான்ஃபிக் ஃபைல தொறந்து ஒரு போர்ட் நம்பர மாத்துனேன், மாத்திட்டு மேல போக ஒரே ஒரு ஆரோ அமுக்கிருக்கேன், கவனிக்கல, சேவ் பண்ணி வெளில வந்துட்டேன். சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகல. எரர் வந்த லைன் நம்பர பாத்தா நான் தொடவே இல்லாத எடம் மாதிரி தோணுது, நான் மாத்துனது போர்ட் நம்பர் மட்டும் தானேன்னு அதையே திரும்ப திரும்ப பாத்துக்கிட்டு இருக்கேன், முக்கா மணி நேரம். கடைசில கூட இருந்த ஒரு அக்கா தே தாரேக் தாப்பாவ் வாங்கிக்கிட்டு வந்து பின்னால நின்னு பாத்துட்டு "அந்த தனி லைன்ல என்னா தம்பி ஒத்த ஏ நிக்குது?"ன்னாங்க. அவங்க அக்கவுண்ட்ஸ்ல வேல செய்யுறவங்க.

உனக்கு வழி ரெண்டு. ஒண்ணு, அட்மின்கிட்ட முழு விம் பேக்கேஜ் போட சொல்லு, அது தான் நல்லது. இல்லன்னா உன் ஹோம்ல டாட் விம்ஆர்சி ஃபைல்ல செட் நோகம்பேட்டிபிள்னு ஒரே லைன் எழுதி வையி. பக்கத்து சீட்டு ஆளுகிட்ட அந்த ஃபைல் ஏற்கனவே இருக்கும், அதான் அவருக்கு ஓடுது. எதுவுமே முடியலன்னா எஸ்கேப் தட்டிட்டு எச், ஜே, கே, எல் வச்சு நகரு. அது என்னா கண்ட எழுத்துலாம்னு சிரிக்காத, பில் ஜாய் வி-ய எழுதுனப்ப பாவிச்ச ஏடிஎம்-3ஏ டெர்மினல்ல தனியா ஆரோ கீயே கிடையாது, அந்த நாலு எழுத்து கீ மேலயே அம்புக்குறி அச்சடிச்சிருக்கும்.

மேல சொன்ன அந்த மோட் மாத்துற விஷயம் இன்னொரு எடத்துலயும் ஆள குழப்பும். எஸ்கேப், சதுர அடைப்பு, கேள்விக்குறி, 1, சின்ன எச், இது டெர்மினலுக்கு வந்தா ஆரோ எல்லாம் ஓ வச்ச மாதிரிக்கு மாறும், கடைசில சின்ன எல் வந்தா பழைய மாதிரிக்கு திரும்பும். விம், ஃபைல படிச்சு பாக்குற லெஸ் மாதிரி ஆளுங்க உள்ள வர்றப்ப மாத்திட்டு போறப்ப திருப்பி வச்சிட்டு போவாங்க, நல்ல விருந்தாளி மாதிரி. புரோகிராம் நடுவுல செத்துட்டாலோ லைன் கட் ஆயிட்டாலோ திருப்பி வைக்க ஆள் இல்ல. பாஷ் சும்மா இருந்தா ரெண்டு விதத்தையும் புரிஞ்சிக்கும், நீ ரீட்லைனோட செட்டிங் ஃபைலான டாட் இன்புட்ஆர்சி-ல ஒரு விதத்துக்கு மட்டும் சொந்தமா எழுதி வச்சிருந்தா தான் மாட்டுவ. அப்ப ரீசெட்-னு அடி. சிலர் எஸ்டிடிஒய் சேன் போட சொல்லுவாங்க, அது சர்வர் பக்கத்து செட்டிங்க மட்டும் தான் சரி பண்ணும், உன் புட்டி எந்த மோட்ல மாட்டிக்கிட்டு இருக்குன்னு அதுக்கு தெரியாது, ரீசெட் ரெண்டையும் பண்ணும்.

சந்தேகம் வந்தா யார்கிட்டயும் கேக்க வேணாம், வெறும் கேட்-னு அடிச்சு எண்டர் தட்டிட்டு ஆரோவ அமுக்கு. ^[[ஏ வந்தா டெர்மினல் நல்லா இருக்கு, படிக்கிறவன தேடு. ^[ஓஏ வந்தா மோட் மாட்டிக்கிச்சு. ஒண்ணுமே வரலன்னா உன் லேப்டாப்பே அத முழுங்குது, மேக்ல கண்ட்ரோலோட இடது வலது ஆரோ அப்படித்தான், டெஸ்க்டாப் மாத்துறதுக்கு சிஸ்டமே புடுங்கிக்கும். வெளில வர கண்ட்ரோல் சி.

கண்ட்ரோல்னதும் ஞாபகம் வருது, கண்ட்ரோலும் இடது ஆரோவும் அமுக்குனா சிலருக்கு ;5டி-ன்னு மட்டும் வந்து விழும். முழு சேதி எஸ்கேப், சதுர அடைப்பு, 1;5டி. அந்த 5 தான் கண்ட்ரோல், ஷிஃப்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2, கண்ட்ரோலுக்கு 4, மொத்தத்தோட ஒண்ணு கூட்டிக்கணும். மொத பாதிய ரீட்லைன் தெரியாத சேதின்னு தூக்கி போட்டுட்டு மிச்சத்த எழுத்துன்னு நெனச்சு டைப் பண்ணிரும். டாட் இன்புட்ஆர்சி-ல அந்த முழு சேதிக்கு பேக்வர்ட் ஹைபன் வேர்ட்னு எழுதுனா ஒவ்வொரு வார்த்தையா தாவும். அதே ஃபைல்ல அப் ஆரோவுக்கு ஹிஸ்டரி ஹைபன் சர்ச் ஹைபன் பேக்வர்ட்னு போட்டுக்கோ, ரெண்டு விதத்துக்கும் ரெண்டு லைன். அதுக்கப்புறம் எஸ்எஸ்எச்-னு மட்டும் அடிச்சிட்டு அப் ஆரோ அமுக்குனா எஸ்எஸ்எச்-ல ஆரம்பிக்கற பழைய கமாண்ட் மட்டும் ஒண்ணொண்ணா வரும். இது இல்லாத மெஷின்ல உக்காந்தா எனக்கு கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும், உண்மையிலயே.

நம்பர் பேட் வச்சு டைப் பண்ற ஆளா நீ? புட்டில விம் தொறந்துட்டு பேட்ல 4 தட்டுனா புது லைன்ல எஸ்-க்கு அடுத்து வர்ற சின்ன டி விழும், 8 தட்டுனா எக்ஸ். காரணம் மேல சொன்னதே தான், பேட்டுக்கும் தனியா ஒரு மோட் இருக்கு. புட்டி செட்டிங்ல டெர்மினல், அதுக்குள்ள ஃபீச்சர்ஸ், அங்க அப்ளிகேஷன் கீபேட் மோட டிசேபிள் பண்ண ஒரு பெட்டி இருக்கு, டிக் போட்டு செஷன சேவ் பண்ணிக்கோ. அதுக்கு பக்கத்துலயே ஆரோவுக்கும் ஒரு டிக் இருக்கு, அத தொடாத.

ஒரே டெர்மினல்ல பல செஷன் ஓட்டுற டிமக்ஸ் பாவிக்க ஆரம்பிச்சா ஒண்ணு மட்டும். எஸ்கேப் அமுக்குனா விம் லேட்டா கேக்குதேன்னு எஸ்கேப் டைம 0-ன்னு வைக்க சொல்லி பல பேரு சொல்லுவாங்க. ஆபீஸ் லைன்ல ஓடும். ஃபெர்ரில உக்காந்து போன் ஹாட்ஸ்பாட்ல வேல பாத்தா எஸ்கேப் தனியா மீதி ரெண்டு பைட் தனியா வந்து சேர வாய்ப்பு இருக்கு, டிமக்ஸ் காத்திருக்காம எஸ்கேப்ப தனியா உள்ள தள்ளிரும், திரும்ப அந்த ஒத்த ஏ கதை தான். நான் 20 மில்லிசெகண்ட் வச்சிருக்கேன், கைக்கு ஒண்ணும் தெரியல.

அப்புறம் எந்த டெர்மினல்னு சொல்லுற டெர்ம்-ங்கற வேரியபிள, பாஷோட செட்டிங் ஃபைலான பாஷ்ஆர்சி-ல கையால எழுதி வைக்காத லா. எந்த டெர்மினல்ல இருந்து வர்றன்னு புட்டியே சொல்லி அனுப்பும், டிமக்ஸ் உள்ள போனா அதுவே மாத்திக்கும். நீ நடுவுல போயி ஒண்ண அடிச்சு வச்சா புரோகிராம் எல்லாம் தப்பான அகராதிய தொறந்து படிக்கும். கிட்டி மாதிரி புது டெர்மினல் போட்டு, அன்னோன் டெர்மினல்னு சர்வர் கத்துனா தான், அந்த ஒரு செஷனுக்கு மட்டும் எக்ஸ்டெர்ம் ஹைபன் 256கலர்னு வச்சிக்கோ.

காலைல போயி மொதல்ல அந்த எக்கோ டாலர் 0 அடிச்சு என்னா வருதுன்னு ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு. நாளைக்கு எனக்கு மத்தியானம் வரைக்கும் மீட்டிங், ரெண்டு மணிக்கு மேல தான் போன பாப்பேன். அந்த புது கீபோர்டு ரசீது இருந்தா கடைல திருப்பி குடுத்துரு.